கல்யாண டிவிடியின் பழைய மெனு: திருத்துவதா, எடுத்துப் புதிதாகக் கட்டுவதா?

2000களில் கல்யாணம் நடந்த வீடுகளில் ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடி இரண்டு மூன்றாவது இருக்கும். முதல் டிஸ்கில் நிச்சயதார்த்தமும் மாப்பிள்ளை அழைப்பும், அடுத்ததில் முகூர்த்தமும் வரவேற்பும். பிளேயரில் போட்டதும் பூக்கள் மிதக்க, மணமக்கள் படம் ஒரு சட்டத்துக்குள் வந்து நிற்க, பின்னால் நாதஸ்வரம் ஒலிக்க ஒரு மெனு வரும். இப்போது அந்த டிஸ்கிலிருந்து வீட்டுக்கென்று ஒரு புது டிவிடி தயாரிக்க நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். மெனு அப்படியே வேண்டும், ஆனால் ஸ்டுடியோவின் போன் நம்பர் போக வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் தலைப்பு தமிழில் வர வேண்டும். தாத்தா வாழ்த்திப் பேசும் இடத்துக்குத் தனியாக ஒரு பட்டன் வேண்டும். இரண்டு டிஸ்கும் ஒன்றாக வேண்டும்.

இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. பழைய மெனுவை அதே இடத்தில் திருத்துவது. அதிலிருந்து படத்தையும் இசையையும் மட்டும் எடுத்து டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருளில் புது மெனு கட்டுவது. டிவிடிஆதர் கட்டளைக் கருவியால் முழுக்கக் கையால் கட்டுவது. மெனுவே இல்லாமல் விடுவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். நமக்குப் பழைய மெனுவில் பிரியமானவை அந்தப் படமும் அந்த இசையும்தான். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கட்டளைகளைக் காப்பாற்றுவதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

நான் பேசுவது பூட்டுப் போடாத, வீட்டுக்கென்று எடுத்த டிஸ்குகளைப் பற்றி மட்டும். கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளின் பூட்டை உடைப்பது வேறு விவகாரம். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் அதற்கென்றே 65ஏ பிரிவைச் சேர்த்தது.

## மெனுவுக்குள் என்ன இருக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. டிவிடியின் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று மூன்று வகைக் கோப்புகள் தெரியும். ஐஎஃப்ஓ என்பது வழிகாட்டும் அட்டவணை. பியூபி அதன் நகல். விஓபியில்தான் படமும் ஒலியும். வீடியோ_டிஎஸ்.விஓபி என்பது டிஸ்குக்கான தலைமை மெனு. விடிஎஸ்_01_0 என்று பூஜ்யத்தில் முடியும் விஓபி 01 என்ற படத் தொகுதியின் மெனு. 1, 2, 3 என்று முடிபவை நிகழ்ச்சியின் படம். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாமல் துண்டாக்கப்பட்டிருக்கும்.

ஒரு மெனுவில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் இருப்பது எம்பெக்-2 என்ற வீடியோ வடிவில் உள்ள பின்னணிப் படம். "முகூர்த்தம்", "வரவேற்பு" என்று நாம் படிக்கும் எழுத்துகள் அநேகமாக இந்தப் படத்தோடு ஒட்டியே இருக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய மேற்படம். ரிமோட்டை அழுத்தும்போது நிறம் மாறுவது இது. ஒரே நேரத்தில் நான்கு நிறங்களுக்கு மேல் இதற்குக் கிடையாது, ஒளிபுகும் நிறமும் அந்த நான்கில் ஒன்று. மூன்றாவது, பட்டன் என்று நாம் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத செவ்வகமும் அதற்குரிய கட்டளையும். பட்டனின் கட்டளை ஐஎஃப்ஓவில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது மெனு விஓபிக்குள், படத்தோடு கலந்து ஆங்காங்கே செருகிய சிறு பொட்டலங்களில் இருக்கிறது. அதனால்தான் ஐஎஃப்ஓவை மட்டும் திருத்தி பட்டனை மாற்ற முடிவதில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

என்ன மாற வேண்டும் என்பதே முதல் கேள்வி. நடத்தை மட்டும் மாற வேண்டுமா, கண்ணுக்குத் தெரிவதும் மாற வேண்டுமா? பட்டனை அழுத்தினால் எங்கே போக வேண்டும், போட்டதும் முதலில் எது ஓட வேண்டும் என்பதெல்லாம் நடத்தை. எழுத்து, படம், பட்டன்களின் எண்ணிக்கை எல்லாம் தோற்றம். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்தது தரம். நிகழ்ச்சிப் படத்தை மறுபடி என்கோடு செய்தால், அதாவது இன்னொரு முறை சுருக்கி எழுதினால், தரம் குறையும். ஏற்கெனவே விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு வந்த படம் என்றால் இன்னொரு சுருக்கத்தைத் தாங்காது. மெனுவை மாற்றப்போய் முகூர்த்தம் மங்கிவிடக் கூடாது.

பிறகு, டிஸ்க் எந்தப் பிளேயரில் ஓடப்போகிறது, பின்னால் இன்னொரு முறை திருத்த வேண்டி வருமா, உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்ற மூன்றும். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் அதையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

| | இடத்திலேயே திருத்துதல் | டிவிடிஸ்டைலர் | டிவிடிஆதர் | மெனு இல்லாமல் |
|---|---|---|---|---|
| தோற்றத்தை மாற்ற | மிகக் கடினம் | எளிது | முழுச் சுதந்திரம் | பொருந்தாது |
| நடத்தையை மாற்ற | எளிது | ஓரளவு | முழுச் சுதந்திரம் | பொருந்தாது |
| நிகழ்ச்சிப் படத்தின் தரம் | அப்படியே | "காப்பி" வைத்தால் அப்படியே | அப்படியே | டிவிடியாக விட்டால் அப்படியே |
| இரண்டு டிஸ்கை இணைக்க | தலைவலி | எளிது, இடம் இருந்தால் | எளிது, இடம் இருந்தால் | எளிது |
| பின்னால் திருத்த | மறுபடி முதலிலிருந்து | ப்ராஜெக்ட் கோப்பு இருக்கும் | எழுதிய கோப்பு இருக்கும் | தேவையில்லை |
| கற்றுக்கொள்ள | சில மாலைப் பொழுதுகள் | ஒரு மாலை | ஒரு வாரமாவது | எதுவுமில்லை |

## வழி 1: பழைய மெனுவை இடத்திலேயே திருத்துவது

இதற்குப் பெயர்பெற்ற கருவி பிஜிசிஎடிட். இலவசம். ஃபோல்டரை ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுத்து இதில் திறந்தால் எல்லா மெனுக்களும் தலைப்புகளும் (டிவிடி மொழியில் தனியாக ஓடும் ஒவ்வொரு படமும் ஒரு தலைப்பு) வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டனும் என்ன கட்டளையைச் சுமந்திருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். டிஸ்க் ஓடுவதைப் போலவே கட்டளைகளை ஒவ்வொன்றாக நடத்திப் பார்க்கும் வசதியும் உண்டு; எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்த வழி ஜெயிக்கும் இடங்கள் குறிப்பானவை. டிஸ்கைப் போட்டதும் ஸ்டுடியோவின் விளம்பரம் ஒரு நிமிடம் ஓடுகிறது, ரிமோட்டில் அதைத் தாண்டவும் முடியவில்லை என்று வையுங்கள். முதலில் ஓட வேண்டியது எது என்ற கட்டளையை மாற்றி, தாண்ட விடாத தடையையும் நீக்கினால் வேலை முடிந்தது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. "ப்ளே ஆல்" பட்டன் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறது, தவறான இடத்துக்குத் தாவுகிறது போன்ற கோளாறுகளுக்கும் இதுதான் மருந்து.

தோற்றத்துக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. ஒரு பட்டனை முடக்கலாம். படத்தோடு ஒட்டியிருக்கும் அதன் எழுத்து திரையில் நிற்கும். ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் போகாத ஒரு "வரவேற்பு" அங்கே இருந்துகொண்டே இருக்கும். பின்னணியையே மாற்ற டிவிடிரீமேக் ப்ரோ போன்ற வேறு மென்பொருள் தேவைப்படும். அசையாத மெனுவுக்கு அதுவும் சரிதான். அசையும் மெனு என்றால் புதுப் பின்னணி பழையதன் நீளத்துக்கும் வடிவத்துக்கும் ஒத்துப்போக வேண்டும், பட்டன் பொட்டலங்கள் சிதையக் கூடாது என்று நிபந்தனைகள் கூடிக்கொண்டே போகும்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஸ்டுடியோக்காரர்கள் ஆயத்த டெம்ப்ளேட்டுகளில் செய்த மெனுக்களில் தேவையில்லாத தாவல்களும் வெற்று மெனுக்களும் நிறைய இருக்கும். ஒரு பட்டனை மாற்றினால் அது இன்னொரு கணக்கைக் கெடுக்கும். இரண்டு டிஸ்குகளை ஒன்றாக்கும் ஆசை இருந்தால் இந்த வழிக்கே வராதீர்கள்.

## வழி 2: படத்தையும் இசையையும் எடுத்து டிவிடிஸ்டைலரில் கட்டுவது

டிவிடிஸ்டைலர் இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் அதற்குப் போவதற்கு முன் பழைய மெனுவைப் பிரிக்க வேண்டும். சுவாரசியமான வேலை அதுதான்.

மெனு விஓபியை நேராக விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதும் என்று தோன்றும். ஒரே ஒரு மெனு இருந்தால் போதும்தான். பல மெனுக்கள் ஒரே விஓபிக்குள் அடுத்தடுத்து அடுக்கியிருந்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலந்துபோகும். அப்போது பிஜிசிடிமக்ஸ் என்ற கருவி கைகொடுக்கும். மெனு பகுதியைத் தேர்ந்து, எந்த மெனு என்று சொன்னால் அதன் படம், ஒலி, மேற்படம் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துத் தந்துவிடும். இசை பெரும்பாலும் ஏசி3 வடிவில் வரும். அதைத் தொடாமல் அப்படியே புது மெனுவுக்குப் பயன்படுத்தலாம்.

அடுத்த சிக்கல் படத்தோடு ஒட்டிய பழைய எழுத்து. அசையாத படம் என்றால் கிம்ப் என்ற பட எடிட்டரில், பக்கத்து இடத்தை நகலெடுத்துப் பூசும் குளோன் தூரிகையால் அழித்துவிடலாம். பூ, பட்டுத்துணி, கோலம் போன்ற பின்னணிகளில் அழித்த தடமே தெரியாது. அசையும் படத்தில் அப்படி அழிக்க முயல வேண்டாம். ஒவ்வொரு பிரேமிலும் சண்டைதான். பழைய எழுத்து இருந்த இடத்தின் மேல் ஒரு பட்டையை வைத்து மூடி, அதன் மேல் புது எழுத்தைப் போடுங்கள். எழுத்து ஒரே இடத்தில் நிற்பதால் பட்டையும் நின்றால் போதும். பட்டுப்புடவையின் கரை நிறத்தில் ஒரு பட்டை வைத்தால் பழைய மெனுவைவிடப் புதியது அழகாகவே வரும். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச எடிட்டர்களில் இதைச் செய்துவிடலாம்.

பின்னர் டிவிடிஸ்டைலரில் பின்னணியை வைத்து, பட்டன்களை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தால் மெனு தயார். ப்ராஜெக்டாகச் சேமித்து வைத்தால் அடுத்த வருஷம் ஒரு பெயரை மாற்ற ஐந்து நிமிடம் போதும். மற்ற குறைகளையெல்லாம் மறக்கடிக்கும் வசதி இது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, நிகழ்ச்சிக் கோப்பின் பண்புகளில் வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் "காப்பி" என்று வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மொத்தப் படத்தையும் மறுபடி என்கோடு செய்ய உட்கார்ந்துவிடும். நேரமும் போகும், தரமும் போகும். இரண்டாவது, அத்தியாயக் குறிகள். அவை ஐஎஃப்ஓவில் இருப்பவை என்பதால் விஓபியை மட்டும் கொண்டுவந்தால் தாலி கட்டும் இடத்துக்கு நேராகத் தாவும் வசதி காணாமல் போய்விடும். பிஜிசிடிமக்ஸ் தலைப்பை ஒரே விஓபியாக எடுத்துத் தரும்போது கூடவே செல்டைம்ஸ் என்ற ஒரு சிறு உரைக் கோப்பையும் எழுதித் தரும். அதில் இருப்பவை பிரேம் எண்கள். நம்மூர் டிவி முறையான பாலில் (PAL) விநாடிக்கு 25 பிரேம் என்பதால் 25ஆல் வகுத்தால் விநாடிக் கணக்கு வந்துவிடும்: 45,000 என்று இருந்தால் 1,800 விநாடி, அதாவது சரியாக 30ஆவது நிமிடம்.

மூன்றாவது செலவு இடம். 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும் டிஸ்கை விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டும். இரண்டு டிஸ்கும் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் ஒன்றில் அடங்காது. ஒன்று மறுபடி சுருக்க வேண்டும், அல்லது 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் வாங்க வேண்டும். இரட்டை அடுக்கு விலை அதிகம், பழைய பிளேயர்கள் சில அடுக்கு மாறும் இடத்தில் திணறும். நான் சொல்வது, இரண்டாகவே விடுங்கள். இரண்டுக்கும் ஒரே மெனுப் பின்னணி வைத்தால் ஜோடியாக இருக்கும். அசையும் மெனுவும் இடம் தின்னும்: 6 எம்பிபிஎஸ் வேகத்தில் 30 விநாடி மெனு ஒன்று 22 எம்பிக்கு மேல் வரும். ஆறு மெனு வைத்தால் 135 எம்பி.

## வழி 3: டிவிடிஆதர்

டிவிடிஸ்டைலர் உள்ளே பயன்படுத்துவதும் இதையேதான். நேரடியாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கட்டளையும் நம் கையில் இருக்கும். எக்ஸ்எம்எல் என்ற வகை உரைக் கோப்பு ஒன்றில் மெனுக்களையும் தலைப்புகளையும் எழுதி, ஸ்பூமக்ஸ் என்ற துணைக் கருவியால் மேற்படத்தைப் பின்னணியோடு கலந்து, பிறகு டிவிடிஆதரை ஓட்ட வேண்டும். இதே தொகுப்பில் டிவிடிஅன்ஆதர் என்ற எதிர்த்திசைக் கருவியும் உண்டு. இருக்கும் டிஸ்கைப் பிரித்து எக்ஸ்எம்எல்லாகவும் படக் கோப்புகளாகவும் தந்துவிடும். ஸ்டுடியோ மெனு எப்படிக் கட்டப்பட்டது என்று படித்துப் பார்க்க விரும்புவோருக்கு அது ஒரு பொக்கிஷம்.

முதல்முறை உட்காருபவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள் தெரிந்தவையே. நம்மூர் பாலா, அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியா என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் புதிய பதிப்புகள் வேலையே செய்யாது. மேற்படத்தில் எழுத்தின் விளிம்பை மென்மையாக்கி வைத்திருந்தால் நிறங்கள் நான்கைத் தாண்டி ஸ்பூமக்ஸ் மறுத்துவிடும். தலைமை மெனுவிலிருந்து நேராக ஒரு அத்தியாயத்துக்குத் தாவ டிவிடி விதிமுறை இடம் தராது. காட்சித் தேர்வு மெனுவை அந்தத் தொகுதிக்குள்ளேயே வைக்க வேண்டும். ஒலியே இல்லாத மெனுவில் சில பிளேயர்கள் தடுமாறும், ஆகவே இசை வேண்டாம் என்றாலும் மௌனமான ஒரு ஒலித்தடத்தைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரே அச்சில் பல டிஸ்குகள் தயாரிப்பவர்களுக்கு இது அருமை. ஆண்டுதோறும் பள்ளி ஆண்டு விழா, அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று பதிவு செய்து கொடுப்பவர் ஒருமுறை எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். ஒரே ஒரு கல்யாண டிஸ்குக்காக இதைக் கற்பது அதிகப்படி.

## வழி 4: மெனுவே வேண்டாம்

போட்டதும் ஓட வேண்டும், அவ்வளவுதான் என்றால் இதில் தவறே இல்லை. கண் மங்கிய பாட்டிக்கு ரிமோட்டில் அம்புக்குறியைத் தேடிப் பட்டனைப் பிடிப்பது சுமைதான். முக்கியமான இடங்களில் அத்தியாயக் குறிகளை மட்டும் வைத்துவிட்டால் "அடுத்து" பட்டன் ஒன்றே அவருக்குப் போதும். பென்டிரைவில் எம்பி4 கோப்புகளாகக் கொடுப்பதும் இந்த வகையே. கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று போட்டால் டிவியில் வரிசை மாறாது. இழப்பு அந்த நாதஸ்வரமும் மணமக்கள் படமும் வந்து நிற்கும் அந்த நிமிடம். அது யாருக்கு எவ்வளவு முக்கியம் என்பது வீட்டுக்கு வீடு வேறு.

## தமிழ் எழுத்து வேண்டுமென்றால்

மென்பொருளின் எழுத்துப் பெட்டியில் தமிழைத் தட்டி, கொம்பும் காலும் சரியாக உட்காருமா என்று பதற வேண்டாம். இங்க்ஸ்கேப்பிலோ கிம்ப்பிலோ எழுதி, படமாகவே ஏற்றுமதி செய்து பின்னணியில் சேர்த்துவிடுங்கள். டிவிடியின் திரை பால் முறையில் 720க்கு 576 புள்ளிதான், அந்தப் புள்ளிகளும் சதுரம் அல்ல. 4:3 மெனுவுக்கு 768க்கு 576 அளவில் வரைந்து, கடைசியில் 720க்கு 576 ஆகச் சுருக்கினால் மணமக்கள் முகம் அகன்று தெரியாது. அகலத்திரைக்கு 1024க்கு 576இல் வரையுங்கள்.

தடித்த எழுத்துரு வேண்டும். ஒரு புள்ளி உயரமுள்ள மெல்லிய கோடுகள் பழைய டிவியில் நடுங்கும். சிறிய எழுத்தில் "ம்", "ன்" ஆகியவற்றின் புள்ளி கரைந்தே போகும். ஓரங்களில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுதுங்கள், சில டிவிகள் விளிம்பை வெட்டிக் காட்டும். பட்டன் தேர்வைக் காட்ட எழுத்தின் நிறத்தையே மாற்றவும் வேண்டாம். நான்கு நிறத்தில் தமிழ் வளைவுகள் பல்பல்லாகத் தெரியும். பக்கத்தில் ஒரு சிறு குத்துவிளக்கு வடிவமோ, கீழே ஒரு தடித்த கோடோ தோன்றும்படி செய்தால் கண்ணுக்கு இதம்.

## எந்த வழியானாலும்

வேலையைத் தொடங்கும் முன் டிஸ்கை முழு ஐஎஸ்ஓவாக, அதாவது ஒரே கோப்பில் அடங்கிய முழு நகலாக, எடுத்து வையுங்கள். வீட்டில் எழுதிய டிஸ்குகள் வயதாக ஆகக் கெடுகின்றன. பாதி படித்து நின்றால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி பொறுமையாக மீட்டுப் பார்க்கும்.

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. மெனுவின் பின்னால் ஒலிக்கும் சினிமாப் பாட்டு அப்படியல்ல. அதன் உரிமை வேறொருவருடையது. வீட்டோடு இருக்கும்வரை ஒன்று, நகல் போட்டு வெளியே கொடுக்கும்போது வேறு. நாதஸ்வரக்காரர் உங்கள் கல்யாணத்தில் வாசித்ததையே மெனுவுக்கு வைத்தால் பொருத்தமாகவும் இருக்கும்.

டிஸ்கில் எழுதுவதற்கு இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் போதும். அதில் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கொடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் நகலை, அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் போட்டு, வீட்டிலிருக்கும் நிஜப் பிளேயரில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். விஎல்சி எதையும் பொறுத்துக்கொள்ளும், பிளேயர் பொறுக்காது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்புவதாக இருந்தால் அங்குள்ள பிளேயர்களும் டிவிகளும் என்டிஎஸ்சி என்பதை மறக்க வேண்டாம். பால் டிஸ்க் அங்கே பலவற்றில் ஓடாது, மாற்றினால் மொத்தப் படத்தையும் மறுபடி என்கோடு செய்ய வேண்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, லண்டனுக்குப் போகும் டிஸ்குக்கு இந்தக் கவலை இல்லை. டொரன்டோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நான்காவது வழியின் பென்டிரைவையே அனுப்பிவிடுங்கள்.